ஒன்பது சொல் கம்மி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். பாதியில் எழுந்து போகிற கதை இல்லை இது. புண்பட்ட மனங்களை ஆற்றுவதற்கென்றே திறந்த ஓர் ஆபீஸின் கதையைச் சொல்லப்போகிறேன். நடுநடுவே சிரிப்பு வரும், சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்த வாய் மூடுவதற்குள் வெட்கமாகிப்போனால் தலையைக் குனிந்துகொள்ளுங்கள். நான் பார்க்கமாட்டேன்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற ரோட்டில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ‘மனவொளி இணையவழி மனக்காய ஆற்றுப்படுத்தல் மையம்’ இருந்தது. அவ்வளவு நீளப் பெயரை யார் சொல்வது? ஆட்டோக்காரர்கள் அதை ‘போன்ல அழற ஆபீஸ்’ என்பார்கள். ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். பஸ் ஹாரன் சத்தம் மறுமுனையில் இருப்பவருக்குப் பதற்றம் உண்டாக்குமாம். ஃபேனும் போடக்கூடாது, அந்தக் காற்று மைக்கில் புயல்போலக் கேட்குமாம். ஆகவே அங்கே வேலை பார்த்த ஆறு பேரும் வியர்வையில் தொப்பலாக நனைந்தபடி, ஊரில் இருப்பவர்களிடம், ‘அமைதியாக மூச்சை இழுத்து விடுங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி அன்புச்செல்வி. நிலத்தில் மல்லாட்டைக் கடலை போடுகிற குடும்பத்தில் பிறந்து, மனநல சமூகப் பணி படித்து, முப்பத்திரண்டு வயதில் முதல்முதலாக ஒரு கழுத்துப்பட்டை அடையாள அட்டை மாட்டிக்கொண்டவள். ‘எம் பொண்ணு மனசு டாக்டரு’ என்று அவள் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். டாக்டர் இல்லை என்று எத்தனை முறை திருத்தினாலும் அம்மா கேட்பதாக இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று இயக்குநர் ஆதிமூலம் பேசினார். முன்னே கல்யாண மண்டபம் மட்டும் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். இருபது வருஷம் பெண் வீட்டார் அழுததைப் பார்த்திருப்பதால் மனக்காயம் பற்றித் தனக்கு அனுபவ அறிவு இருப்பதாகச் சொல்லிக்கொள்வார்.

“இங்க வர்றவங்கள ‘என்ன ஆச்சு’னு யாரும் கேக்கக் கூடாது. அந்தக் கேள்வியே ரெண்டாவது அடி. அவங்களா சொன்னா காது குடுங்க. சொல்லலன்னா சும்மா இருங்க. இதாம்மா நம்ம முறை.”

அன்புச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் படித்ததும் இதுதான். நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தாள். அப்புறம் படிவங்களைக் கொடுத்தார்கள். ஏழாம் படிவத்தில் இப்படி இருந்தது: ‘பயனாளரிடம் எந்தச் சம்பவத்தைப் பற்றிக் கேட்கப்படவில்லை? முழு விவரம் எழுதுக. முந்நூறு சொற்களுக்குக் குறையாமல்.’

அவள் தர அலுவலர் விமல்ராஜிடம் போனாள். “சார், கேக்கவே இல்லன்னா எப்படி சார் எழுதறது?”

“கேக்காம தெரிஞ்சிக்கணும் மேடம்,” என்றார் அவர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுக்குத்தான படிச்சவங்கள வேலைக்கு வெச்சிருக்கோம்.”

இப்படியிருக்கையில் அடி அண்ணாமலையிலிருந்து சகாதேவன் வந்து சேர்ந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயது. மூன்று மாதமாக அவர் ஆட்டோவில் ஆளை ஏற்றுவதில்லை. கத்தரிக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவார், காலி வண்டியோடு திரும்புவார். ஒருநாள் அவர் மனைவி வேதா டீ கொடுக்கப் பின்னாலிருந்து தோளைத் தொட்டாள். மனுஷன் துள்ளி எழுந்து கையை வீசினார். டம்ளர் பறந்து, சுடச்சுட டீ அவள் கையில் கொட்டியது. அன்றைக்கு அவர் அழுத அழுகையில்தான் வேதா பயந்துபோய், ரேஷன் கடைச் சுவரில் பார்த்த மையத்தின் நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தாள்.

“எனக்குக் கை வெந்துதுன்னு கவலையில்லிங்க மேடம்,” என்றாள் அன்புச்செல்வியிடம். “அவுருக்கு உள்ள இன்னாமோ வேவுது. அது இன்னான்னுதான் தெரியல.”

சேர்வதற்கு முதல் நிபந்தனை, பயனாளர் உட்கார்ந்து பேசப் பாதுகாப்பான தனி அறை. அதைப் படம்பிடித்து அனுப்பவேண்டும். அவர்கள் வீடே ஓர் அறைதான். அதை எடுத்து அனுப்பினார்கள். ‘படத்தில் அரிவாள்மனை தெரிகிறது, ஏற்கப்படவில்லை’ என்று பதில் வந்தது. மாட்டுக் கொட்டகையை அனுப்பினார்கள். ‘படத்தில் மூன்றாம் நபர் இருக்கிறார்’ என்று வந்தது. அந்த மூன்றாம் நபர் அசைபோட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் சகாதேவன் வெறுத்துப்போய் ஆட்டோவின் ரெக்சின் திரைகளை இறக்கிவிட்டு, பின்சீட்டைப் படம்பிடித்து அனுப்பினார். இரண்டே நிமிஷத்தில் பதில்: ‘நான்கு புறமும் மூடப்பட்டது. மிகவும் பாதுகாப்பானது. இனி இவ்விடம் மாற்றத்தக்கதல்ல.’

முதல் அமர்வில் சகாதேவன் திரையில் தெரிந்தார். பின்சீட்டின் நுனியில், சூடான கல்லின் மேல் உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

“மேடம், நான் முன்னாடி டிரைவர் சீட்ல உக்காந்துக்கட்டுமா?”

“பின்சீட்டுன்னுதாண்ணா அப்ரூவ் ஆயிருக்கு. கொஞ்சம் சாஞ்சி உக்காருங்க.”

அவர் சாயவில்லை. அன்புச்செல்வி மையம் எழுதிக் கொடுத்திருந்ததைப் படித்தாள்: சுற்றிலும் தெரிகிற ஐந்து பொருள்களைச் சொல்லுங்கள். சகாதேவன் யோசித்து யோசித்துச் சொன்னார். “மீட்டரு. அது ஓடாது. கண்ணாடி. முருகர் படம். தண்ணி பாட்டிலு.”

“இன்னும் ஒண்ணு சொல்லுங்கண்ணா.”

“இந்த சீட்டு,” என்றார். அதற்குமேல் அன்று அவர் பேசவே இல்லை.

இரண்டாம் அமர்வில் பேச வாயெடுத்தார். ஆனால் அந்த மையத்தில் ஏழு நிமிஷத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு மணி அடிக்கும். அடித்தவுடன் ‘நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்’ என்று சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் பேச்சு அறுந்துவிடும். “அன்னிக்கி பௌர்ணமி மேடம், கூட்டம்னா கூட்டம், வண்டி இம்மி நகரல...” என்று அவர் தொடங்குவார், மணி அடிக்கும். “நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்,” என்பாள் இவள். “சரிங்க மேடம்,” என்பார் அவர். பிறகு எங்கே விட்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. நாற்பத்தைந்து நிமிஷத்தில் ஆறு முறை அவர் பாதுகாப்பாக இருந்தார்.

மூன்றாம் அமர்வில் மணிக்கு முன்பே முந்திக்கொண்டு, கண்ணை மூடி, ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

சித்திரைப் பௌர்ணமி சாயங்காலம். கிரிவலப் பாதையில் ஜனவெள்ளம். அவர் வீட்டு வாசலில் வெளியூர் அம்மா ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். தனியாக வந்தவள். அக்கம்பக்கத்தார் தூக்கி இவர் ஆட்டோவில் உட்காரவைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ஹாரன் அடித்து, கத்தி, கையெடுத்துக் கும்பிட்டு, அங்குலம் அங்குலமாக ஒரு மணி நேரம்.

“அந்தம்மா பின்னாலேருந்து என் தோள்ல கைய வெச்சாங்க. ‘தம்பி, நிறுத்துப்பா, எறங்கிக்கறேன்’னாங்க. மூணு வாட்டி சொன்னாங்க. நான் ‘தோ வந்துட்ச்சிம்மா’ன்னு பொய் சொன்னேன். நாலாவது வாட்டி சொல்லல. கை மட்டும் தோள்லியே இருந்துச்சி. ஆஸ்பத்திரில வந்துதான் எடுத்தாங்க. நிறுத்தியிருந்தா அந்த மலையப் பாத்துக்கினே ரோட்டோரமா நிம்மதியா போயிருப்பாங்க மேடம். நான் விடல.”

அந்தப் பின்சீட்டில் ஏன் அவர் சாயவில்லை என்று அப்போதுதான் அன்புச்செல்விக்கு உறைத்தது.

“பௌர்ணமி, கூட்டம், செத்துப்போனது, இதெல்லாம் எழுதிக்கோங்க,” என்றார் சகாதேவன். “அந்தத் தோள் சமாச்சாரம் மட்டும் எழுதாதீங்க. வேதாவுக்குக்கூடத் தெரியாது.”

“எழுத மாட்டேண்ணா,” என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

மறுநாள் சகாதேவனுக்கு இடம் மாற்றித் தரச்சொல்லி விமல்ராஜிடம் கேட்டாள். அறையை மாற்றினால் பயனாளர் புது ஆள் ஆகிவிடுவார், முதலிலிருந்து எல்லாவற்றையும் வேறொருவரிடம் சொல்லவேண்டும் என்றார். அதோடு விடவில்லை. “மேடம், உங்க ஏழாம் படிவம் போகல. எரநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுதான் இருக்கு. ஒம்போது சொல்லு கம்மி. இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள போகலன்னா அவுரு பேரு தானா அழிஞ்சிடும்.”

அன்புச்செல்வி உட்கார்ந்து அங்கங்கே ‘மிகவும்’ என்று சேர்த்தாள். எந்திரம் அதையெல்லாம் ‘மிகை’ என்று உருவிவிட்டது. சகாதேவனுக்கே போன் போட்டாள். கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டாள். “அண்ணா, அன்னிக்கி வேற என்ன ஆச்சு? ஏதாவது கொஞ்சம் சொல்லுங்களேன்.” “அவ்ளோதாங்க மேடம். எல்லாந்தான் சொல்லிட்டனே,” என்றார்.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவள் கடைசி வரியைத் தட்டினாள்: ‘இறக்கும் தறுவாயில் அந்த அம்மையார் இவருடைய தோளில் கைவைத்து நிறுத்தச் சொன்னார்.’ எண்ணிப்பாருங்கள், ஒன்பது வரும். திரையில் பச்சை டிக் விழுந்தது. யார் படிக்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பையில் வைத்தாள். பஸ்ஸில் இடமிருந்தும் உட்காரப் பிடிக்கவில்லை அவளுக்கு.

அதன்பிறகு மையம் சகாதேவனைக் கவனித்துக்கொண்டது. தரக் கட்டுப்பாட்டிலிருந்து போன் வந்தது: “உங்ககிட்ட யாராவது ‘என்ன ஆச்சு’னு கேட்டாங்களா? கேக்கலியா? நல்லது. என்ன ஆச்சுன்னு நீங்களா என்ன சொன்னீங்க, அப்படியே சொல்லுங்க, சரிபாக்கணும்.” பிறகு சரிபார்த்ததைச் சரிபார்க்கிறவர் பேசினார். பிறகு ஆய்வுப் பிரிவு. பிறகு லைன் கட்டாகிவிட்டதென்று மறுபடியும் ஆய்வுப் பிரிவு. ஒவ்வொருவரிடமும் பௌர்ணமி, கூட்டம், சாவு. தோளை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாவது முறையில் அவர் குரல் நடுங்கவில்லை. எட்டாவது முறையில் கொட்டாவி வந்தது.

“மேடம், அது இப்ப எனக்கு நடந்த மாதிரியே இல்லிங்க,” என்றார் அன்புச்செல்வியிடம். “பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி வருது. நைட்ல மட்டும் பழைய மாதிரிதான்.”

இரவைப் பற்றிக் கேட்க மையத்தில் படிவம் இல்லை. அழாமல் சொன்னதால் அவருடைய மனக்காய அளவெண் நாற்பத்திரண்டிலிருந்து ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. பேருக்கு எதிரே ‘குணமடைந்தார்’ என்று விழுந்தது. அவர்தான் மையத்தின் ஆயிரமாவது குணமடைந்தவர். விழா எடுக்காமல் இருப்பார்களா?

விழா ஆதிமூலத்தின் மண்டபத்திலேயே நடந்தது. வாசலில் வாழைமரம், உள்ளே மேடையில் சரிகை நாற்காலிகள். முதல் வரிசையில் அன்புச்செல்விக்குப் பொன்னாடை போர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் வேதா, கையில் வெந்த தழும்போடு, பட்டுப்புடவையில். மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டு, எல்லாரும் பார்க்கும்படி வெளியே சகாதேவனின் ஆட்டோவை மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

“வண்டி எதுக்கு சார்?” என்று கேட்டாள் அன்புச்செல்வி.

“செயல்முறை விளக்கம் மேடம். சர்ப்ரைஸ்,” என்றார் விமல்ராஜ்.

ஆதிமூலம் மைக்கைப் பிடித்தார்.

“நம்ம மையத்துல இதுவரைக்கும் ஒருத்தரையும் ‘என்ன ஆச்சு’னு கேட்டது கிடையாது! கேக்கலங்கறதுக்குச் சாட்சியா ஆயிரம் பேரோட முழுக் கதையும் நம்மகிட்ட பத்திரமா இருக்கு. ஒவ்வொண்ணும் முந்நூறு சொல்லு. நான் எல்லாத்தையும் படிச்சிட்டேன். சில கதைய வீட்ல என் சம்சாரத்துக்கும் படிச்சிக் காட்டினேன், அவங்களும் அழுதாங்க. ஆனா வெளிய ஒரு வார்த்தை போகாது. ரகசியம்னா ரகசியம். இப்ப நம்ம சகாதேவனையே எடுத்துக்குங்க. பௌர்ணமி அன்னிக்கி இவுரு வண்டியில ஒரு அம்மா செத்துப்போச்சு, சாகும்போது இவுரு தோள்ல கைய வெச்சி நிறுத்துப்பான்னு கெஞ்சிச்சு, இவுரு நிறுத்தல. இதெல்லாம் எங்க ஆபீஸ் வாசப்படியத் தாண்டாது!”

மண்டபம் கைதட்டியது. வேதா தட்டவில்லை. அவள் மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சகாதேவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் தோள்ல இப்ப நானே கைய வெக்கப்போறேன்,” என்றார் ஆதிமூலம். “பின்சீட்ல உக்காந்து, பத்தடி போய், ‘நிறுத்துப்பா’ன்னு சொல்லுவேன். இவுரு சிரிச்ச முகமா நிறுத்துவாரு. குணமானதுக்கு இதைவிட ஆதாரம் வேணுமா?”

அன்புச்செல்வி எழுந்தாள். “சார், வேணாம் சார்,” என்றாள். மைக் இல்லாததால் அது பொன்னாடைக்குள்ளேயே நின்றுவிட்டது. “மேடம், மறைக்கறீங்க, உக்காருங்க,” என்றார் வீடியோக்காரர். அவள் உட்கார்ந்தாள். கண்ணுகளா, படிவத்தில் எழுதியதைக்கூட ஏதோ அவசரம் என்று சொல்லலாம். இந்த உட்கார்ந்ததற்கு அவளுக்கு இன்றுவரை சாக்கு கிடைக்கவில்லை.

சகாதேவன் போய் முன்சீட்டில் உட்கார்ந்தார். வண்டி உறுமியது. ஆதிமூலம் பின்னால் ஏறி, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டி, தோளில் கை வைத்தார். பத்தடி போனது. “நிறுத்துப்பா,” என்றார். வண்டி வாசல் வாழைமரத்தைத் தாண்டியது. “நிறுத்துப்பா!” என்றார். வண்டி ரோட்டில் ஏறியது. “யோவ், நிறுத்துய்யா!” என்ற சத்தம் தேய்ந்து தேய்ந்து, மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்திகள் மட்டும் ரோட்டில் மிச்சமாயின.

“தோ வந்துட்ச்சிங்க,” என்று சகாதேவன் சொல்லிக்கொண்டே போனாராம். அன்றைக்குப் பௌர்ணமி இல்லை. ரோடு காலி. ஒன்பதே நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி ஓடி, ஸ்ட்ரெச்சர்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, “உயிரோட கொண்டாந்துட்டேன், சீக்கிரம் பாருங்க, உயிரோட இருக்காரு,” என்று கதறினார்.

இயக்குநருக்கு ரத்த அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. படுக்கவைத்தார்கள். சீட்டுப் போடுகிற இடத்தில் “என்ன ஆச்சு?” என்று கேட்டார்கள். சொன்னார். நர்ஸ் கேட்டார், சொன்னார். டாக்டர் கேட்டார். “ஒரு வாட்டி சொல்லிட்டனேம்மா,” என்று எரிந்து விழுந்துவிட்டுச் சொன்னார். நாலாவதாக விமல்ராஜ் மூச்சிரைக்க ஓடிவந்து, கையில் படிவத்தோடு, “சார், என்ன ஆச்சு சார்?” என்றபோது, ஆதிமூலம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

அன்புச்செல்வியும் வேதாவும் வேறொரு ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் சகாதேவன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். சட்டை முழுக்க வியர்வை.

“மறுபடி சொல்லணுமா மேடம்?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

“வேணாண்ணா. நான்தான் சொல்லணும்,” என்றாள் அன்புச்செல்வி. “தோள் விஷயத்த நான்தான் எழுதினேன். எழுத மாட்டேன்னு சொல்லிட்டு எழுதினேன்.”

அவர் அவளைப் பார்த்தார். அப்படி ஒன்று நடந்திருக்குமென்று அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. மிஷின்தான் எப்படியோ ஒட்டுக்கேட்டுவிட்டது என்று நினைத்திருந்தார்.

“எதுக்குங்க?”

“ஒம்போது சொல்லு கம்மியா இருந்துச்சி.”

“ஒம்போது சொல்லா?”

“ஆமாண்ணா.”

“ஏம்மா, என் பேரயே ஒம்போது வாட்டி எழுதியிருக்கலாமே,” என்றார் சகாதேவன்.

அவள் தலை குனிந்தது. மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள் எல்லாம் அவளுக்குத் தெரியும், படித்திருக்கிறாள். பொன்னாடை இன்னும் தோளில் கிடப்பது அப்போதுதான் தெரிந்தது. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

வேதா புருஷனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி, ஒரு ஓரமாக ஒடுங்கி, இரண்டு கையையும் மடியில் கோர்த்து வைத்துக்கொண்டாள். சகாதேவன் முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“எங்கயாவது எறங்கணும்னா சொல்லு. நிறுத்தறேன்,” என்றார்.

“சொல்றேன்,” என்றாள் வேதா.

அன்புச்செல்வி ஒரு அடி முன்னே வைத்தாள். “நானும் வீடு வரைக்கும் வரட்டுமா அக்கா?”

“வேணாங்க மேடம்,” என்றாள் வேதா. கோபமாகச் சொல்லவில்லை, இரவல் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரிச் சொன்னாள். “நீங்க போங்க.”

வண்டி மெதுவாகத்தான் போனது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தும் ஒதுங்கி மெதுவாகவே போனது. அன்புச்செல்வி வேப்பமரத்தடியில் நின்று, அது வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மறுவாரம் மையத்திலிருந்து அவளுக்கு மெமோ வந்தது. பயனாளரிடம் கேட்கக்கூடாத கேள்வியைப் போனில் கேட்டதாகப் பதிவாகியிருந்ததாம். “கேட்டது உண்மை,” என்று எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாடியும் இறங்கி வந்தாள். அதன்பிறகு ஏறவில்லை. எதற்காக வேலையை விட்டாய் என்று அம்மா கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. அம்மாவும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

போய்வாருங்கள் கண்ணுகளா. இறக்கி வைத்த குழம்பு ஆறியிருக்கும். உங்கள் வீட்டில் யாருக்கும் உள்ளே வேகாமல் இருக்கட்டும். வெந்தாலும், ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார ஒரு ஆள் இருக்கட்டும். உங்கள் வாசலில் வந்து ஒருவர் சொன்னது உங்கள் வாசலுக்குள்ளேயே இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு, வாக்கு மாறாமல், தலை நிமிர்ந்து, நூறு வருஷம் நன்றாக இருங்கள்.